பத்து வாழ்த்துரை, ஒரு பொருளடக்கம்: மின்னூல் மென்பொருளின் புதிய வசதியைத் தமிழில் சோதிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி மலர்களையும் கோயில் கும்பாபிஷேக மலர்களையும் மின்னூலாக்க முதன்முறையாக உட்காருகிறவர்களுக்கான வழிகாட்டி இது. தட்டச்சு முடிந்தது, படங்களும் சேர்த்தாயிற்று என்ற நிலையில் மென்பொருளின் சோதனைப் பதிப்பு ஒன்று கைக்கு வருகிறது. அதில் பக்கப் பலகை ஒன்று புதிதாக இருக்கிறது. நூலின் பொருளடக்கம் அதில் தெரியும். ஒரு தலைப்பைச் சொடுக்கினால் திருத்தும் பலகை அந்த இடத்துக்குத் தாவும். ‘திரும்பு’ பொத்தான் முன்பு இருந்த இடத்துக்குக் கொண்டுவரும். மேலே உள்ள பெட்டியில் எழுத்துகளைத் தட்டினால் பட்டியல் வடிகட்டப்படும். தலைப்புகளை இழுத்து இடம் மாற்றவும் முடியும். காலிபரோ சிஜிலோ வேறெந்த மென்பொருளோ, இப்படி ஒரு வசதியைச் சோதிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். மென்பொருளை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆங்கில நூலை வைத்துத்தான் பார்த்திருப்பார்கள். அதில் எல்லாம் சரியாக ஓடும். கொம்பும் காலும் புள்ளியும் வரும்போதுதான் சில பிழைகள் தலைகாட்டும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு அவை கண்ணில் படா.

முதலில், எந்தப் பொருளடக்கம்?

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரே மின்னூலில் பொருளடக்கம் நான்கு இடங்களில் இருக்கலாம். ஒன்று, மென்பொருள் பக்கப் பலகையில் காட்டுவது. இரண்டு, ஈபப் (EPUB) என்னும் மின்னூல் கோப்பு வகையின் மூன்றாம் பதிப்பான ஈபப் 3 நூலுக்குள் இருக்கும் ‘நேவ்’ என்ற வழிசெலுத்தல் கோப்பு. மூன்று, ஈபப் 2 காலத்து ‘என்சிஎக்ஸ்’ கோப்பு. பார்வையற்றோருக்கான டெய்சி பேசும் நூல்களிலிருந்து ஈபப்புக்கு வந்தது அது. பழைய வாசிப்புக் கருவிகள் இன்றும் அதைத்தான் படிக்கின்றன. நான்கு, அச்சு மலரில் இருந்ததைப் போல நூலின் முன்பக்கத்தில் நாமே போட்ட பொருளடக்கப் பக்கம்.

பலகையில் ஒரு தலைப்பைத் திருத்தினால் இந்த நான்கில் எவை மாறுகின்றன என்பதுதான் சோதனையின் முதுகெலும்பு. பலகையில் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டு, பாட்டியின் பழைய கருவியில் திறக்கும்போது என்சிஎக்ஸ் பழைய தலைப்பையே காட்டும். இது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு. சிஜிலில் நேவ் கோப்பிலிருந்து என்சிஎக்ஸை உருவாக்கும் கட்டளை ஈபப் 3 கருவிகளில் தனியாக இருக்கிறது. அதை நாம்தான் நினைவாக ஓட்ட வேண்டும்.

தொடங்கும் முன்

நூலின் ஒரே பிரதியைச் சோதனைப் பதிப்பில் திறக்கவே கூடாது. மூலக் கோப்பை வேறொரு பென்டிரைவில் வையுங்கள். சோதனைக்கு எடுக்கும் பிரதியின் பெயரில் தேதியைச் சேருங்கள்.

சோதனைப் பதிப்பைப் பழைய பதிப்பின் மேலேயே நிறுவ வேண்டாம். விண்டோஸ் கணினியில் காலிபரின் போர்ட்டபிள் பதிப்பை ஒரு கோப்புறையில் விரித்தே ஓட்டலாம். அன்றாட வேலைக்கான பதிப்பு அப்படியே இருக்கும். பள்ளிக் கணினி அறையில் நிறுவும் உரிமை பெரும்பாலும் கிடைக்காது என்பதால் அங்கும் இதுவே வசதி.

மென்பொருளின் பதிப்பு எண்ணையும் இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் முதல் வேலையாக ஒரு தாளில் குறித்துவிடுங்கள். பிழை கண்ட பிறகு குறிக்கலாம் என்று விட்டால், இடையில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம்.

பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போவது நம் பக்கம் வழக்கம். மேசைக் கணினியில் வேலை செய்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமியுங்கள். காலிபரின் திருத்தும் கருவியில் ‘செக்பாயின்ட்’ என்ற வசதி உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஒன்று போட்டுவைத்தால் முழு நூலையும் அந்த நிலைக்குத் திருப்பலாம். சாதாரண ‘செயல்தவிர்’ கட்டளையை மட்டும் நம்ப வேண்டாம். தலைப்பை நகர்த்தும்போது ஒரே சமயத்தில் பல கோப்புகள் மாறும். செயல்தவிர்ப்பு ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றவற்றை அப்படியே விடக்கூடும். அதையும் சோதிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மலர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. யுனிகோட் பரவுவதற்கு முன் பேஜ்மேக்கரில் அமைத்த மலர்கள் அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியேற்றத்தில் இருக்கும். அந்த எழுத்துருவை நூலுக்குள் பொதித்துவிட்டால் உள்ளே தமிழாகத் தெரியும். ஆனால் பக்கப் பலகை கணினியின் எழுத்துருவைத்தான் பயன்படுத்தும். அங்கே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் வரும். இது புதிய வசதியின் பிழை இல்லை. நூலை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு சோதனைக்கு உட்காருங்கள்.

சோதனை நூலைக் கட்டுதல்

முந்நூறு பக்க மலரை வைத்து நேரடியாகச் சோதித்தால் எது எங்கே தவறியது என்று பிடிக்க முடியாது. ஆறேழு கோப்புகள், இருபது தலைப்புகள் கொண்ட சிறிய நூல் ஒன்றைக் கட்டுங்கள். அரை மணி நேர வேலை. தலைப்புகளுக்கு எச்1, எச்2, எச்3 (h1, h2, h3) என்ற தலைப்பு அடுக்குக் குறிகளைத்தான் போட வேண்டும். வேர்டிலிருந்து வரும் உரையில் தலைப்பு போலத் தெரிவது பெரும்பாலும் தடித்த எழுத்துப் பத்திதான். மென்பொருள் அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளாது.

நூலில் வேண்டுமென்றே சில சிக்கல்களை வையுங்கள். அவற்றில் முதலிடம் வாழ்த்துரைக்கு. நம் ஊர் மலர் எதை எடுத்தாலும் முதலில் வாழ்த்துரைகள் வரிசை கட்டி நிற்கும். சட்டமன்ற உறுப்பினர், தலைமையாசிரியர், பள்ளி வாரியத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், கோயில் தலைவர் என்று பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். பத்துக்கும் தலைப்பு ‘வாழ்த்துரை’தான். ஒரே கோப்பில் பத்து எச்2 தலைப்பாக அவற்றை வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘இது முதலாவது’, ‘இது இரண்டாவது’ என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு பலகையில் ஏழாவது வாழ்த்துரையைச் சொடுக்குங்கள். கர்சர் ‘இது ஏழாவது’ என்ற வரிக்கு மேல் நிற்க வேண்டும். முதலாவதுக்குப் போய் நின்றால், மென்பொருள் தலைப்பின் ஐடியை, அதாவது அதற்கென்று கொடுத்த அடையாளப் பெயரைப் பார்க்காமல் எழுத்துகளைத் தேடிப் போகிறது என்று பொருள். கோப்பின் உச்சியில் நின்றால் ஐடி இல்லை, அல்லது இணைப்பில் ஐடி விடுபட்டிருக்கிறது. எங்கே நிற்கிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். இந்த ஒரு சோதனைக்கு நல்ல நேரம் கொடுங்கள். முதலாவது, ஏழாவது, பத்தாவது, மறுபடி இரண்டாவது என்று முன்னும் பின்னுமாகச் சொடுக்கிப் பாருங்கள். பிறகு மூன்றாவதற்கு முன் புதிய வாழ்த்துரை ஒன்றைச் சேர்த்துவிட்டு அதே வரிசையில் திரும்பவும் சொடுக்குங்கள். பலகை புதுப்பிக்கப்படாமல் பழைய எண்ணிக்கையையே வைத்திருந்தால் எல்லாம் ஒன்று தள்ளிப் போய் நிற்கும்.

அடுத்து, இரண்டு வரியாக உடைத்த தலைப்பு. ‘தோட்டப் பள்ளி’ என்று மேலேயும் ‘வரலாறு’ என்று கீழேயும் இருந்து, நடுவில் வரி உடைக்கும் குறி இருந்தால், பலகையில் ‘தோட்டப் பள்ளிவரலாறு’ என்று ஒட்டிக்கொண்டு வரலாம். இடைவெளி விட்டு வர வேண்டும். சிஜிலில் தலைப்புக் குறிக்குள் ‘டைட்டில்’ பண்பைச் சேர்த்தால் பொருளடக்கத்துக்கு அந்த உரையையே எடுத்துக்கொள்ளும். புதிய வசதி அதை மதிக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, மிக நீண்ட தலைப்பு. ‘தோட்டத் துண்டாடலும் தொழிலாளர் வேலை இழப்பும் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததும்’ என்பது போல ஒன்று போதும். பலகை இதை எங்கே வெட்டி மூன்று புள்ளி போடுகிறது என்று கவனியுங்கள். வெட்டு எழுத்தின் நடுவில் விழலாம்.

நான்காவது, படமாக மட்டும் இருக்கும் தலைப்பு. கோயில் பெயரை அலங்கார எழுத்தில் வரைந்து ஒட்டியிருப்பார்கள். படத்துக்குப் பதிலாக எழுதிவைக்கும் மாற்று உரை பொருளடக்கத்தில் வர வேண்டும். வெற்று வரி வந்தால் அது பிழை. எச்1-க்கு அடுத்து நேராக எச்3 வரும் இடம் ஒன்று, தமிழும் மலாயும் கலந்த தலைப்பு ஒன்று, ‘லயத்து வாழ்க்கை’, ‘பெரட்டுக் களம்’, ‘ஒட்டுப்பால்’ என்று மூன்று அடுக்காக உள்ளே போகும் பகுதி ஒன்று ஆகியவையும் இருக்கட்டும்.

கோப்புப் பெயரிலும் ஐடியிலும் ஆங்கில எழுத்து, எண், கீழ்க்கோடு மட்டும் போதும். எண்ணில் தொடங்கவோ இடைவெளி விடவோ கூடாது. ஆனால் சோதனை நூலில் ஒரே ஒரு ஐடியை மட்டும் தமிழில் வையுங்கள். பயனர் யாராவது அப்படி வைக்கத்தான் போகிறார்கள்.

சோதனையின் வரிசை

ஒவ்வொரு செயலுக்கும் முன் ‘என்ன நடக்க வேண்டும்’ என்பதை எழுதிவிடுங்கள். நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். பார்த்த பிறகு எழுதினால், நடந்ததே சரி என்று மனம் ஒப்புக்கொண்டுவிடும்.

1. பொருளடக்கத்தை உருவாக்குங்கள். சிஜிலில் கன்ட்ரோல்-டி (Ctrl+T). காலிபரில் கருவிகள் பட்டியலில் பொருளடக்கம், அதன் கீழே திருத்தும் கட்டளை. அங்கே முதன்மைத் தலைப்புகளிலிருந்து, எல்லாத் தலைப்புகளிலிருந்து, இணைப்புகளிலிருந்து, கோப்புகளிலிருந்து என்று தேர்வுகள் இருக்கும்.
2. பலகையில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும் சுட்டெலியால் சொடுக்குங்கள். பிறகு சுட்டெலியைத் தொடாமல் அம்புக்குறியும் என்டரும் கொண்டு அதையே செய்யுங்கள்.
3. மூன்று இடம் தாவிவிட்டுத் ‘திரும்பு’ பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். வந்த வழியே திரும்ப வேண்டும். இடையில் ஒரு கோப்பை மூடிவிட்டும் முயன்று பாருங்கள்.
4. ஒரு கோப்பைத் தலைப்பின் இடத்தில் இரண்டாகப் பிரியுங்கள். பிறகு வேறு இரண்டு கோப்புகளை ஒன்றாக இணையுங்கள். இணைக்கும்போது இரண்டிலும் ஒரே ஐடி இருந்தால் மோதும். அதற்காகவே முன்கூட்டி ஒரே ஐடியை இரண்டிலும் வைத்திருங்கள்.
5. ஒரு கோப்பின் பெயரை மாற்றுங்கள்.
6. ஒரு தலைப்பை இழுத்து மேலே கொண்டுபோங்கள்.
7. சேமித்து, மூடி, மறுபடி திறந்து இரண்டாம் எண்ணிலிருந்து திரும்பச் செய்யுங்கள்.

ஆறாவதைப் பற்றி ஒரு சொல். தலைப்பை இழுத்தால் பட்டியலின் வரிசை மட்டும் மாறுகிறதா, நூலின் அத்தியாயமும் சேர்ந்து நகர்கிறதா? இரண்டில் எது என்பதை மென்பொருள் தெளிவாகச் சொல்ல வேண்டும். பட்டியல் மட்டும் மாறினால் பொருளடக்க வரிசையும் படிக்கும் வரிசையும் பிசகும். ஈபப் நூலைச் சரிபார்க்கும் ஈபப்செக் கருவி அதற்கு எச்சரிக்கை கொடுக்கும்.

ஏழாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நினைவகத்தில் சரியாக இருந்து, கோப்பில் எழுதும்போது தவறும் பிழைகள் அங்கேதான் அகப்படும்.

தமிழ் எழுத்து தரும் தொல்லைகள்

‘மாரியம்மன்’ என்று எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் மா, ரி, ய, ம், ம, ன் என்று ஆறு எழுத்து. யுனிகோடில் பத்துக் குறி. கோப்பில் யுடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு மூன்றாக முப்பது பைட். ‘இத்தனை எழுத்துக்கு மேல் வெட்டு’ என்று நிரலில் எழுதியவர் இந்த மூன்றில் எதை எண்ணினார் என்பது, நீண்ட தலைப்பு வெட்டுப்படும் இடத்தில் தெரிந்துவிடும். குறியை எண்ணி வெட்டினால் ‘மன்’ என்பது புள்ளி போய் ‘மன’ என்று நிற்கும். பைட்டை எண்ணினால் கடைசியில் கேள்விக்குறி அடைத்த கட்டம் வரும். பலகையின் அகலத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டையும் பார்க்கலாம்.

வடிகட்டும் பெட்டியில் வேறொரு தொல்லை. ‘கோயில்’ என்று தட்டுகிறீர்கள். பலகையில் கண்ணெதிரே ‘கோயில் வரலாறு’ இருந்தும் ‘எதுவும் இல்லை’ என்கிறது. காரணம், கோ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பிடிஎஃப்பிலிருந்து நகல் எடுத்த உரையில் தனித்தனியாக இருப்பது சகஜம். கண்டுபிடிக்க எளிய வழி: கர்சரை ‘கோ’ எழுத்துக்குப் பின்னால் வைத்துப் பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். ‘க’ மட்டும் மிஞ்சினால் ஒரே குறி. ‘கே’ மிஞ்சினால் இரண்டு குறி. யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆகவே தேடும் வசதி இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டும். கருதாவிட்டால் பிழையாகவே எழுதி அனுப்புங்கள்.

‘ஸ்ரீ’ இன்னும் நுட்பமானது. அதே உருவத்தை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம், பின்னாளில் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. இவை இரண்டும் யுனிகோட் விதிப்படி சமமில்லை என்பதால் மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் பக்கக் கோயில் பெயர்களில் பாதி ஸ்ரீ என்றே தொடங்குகின்றன. நூல் முழுவதிலும் ஒன்றாக மாற்றிவிடுவது நம் பொறுப்பு. ஔகார எழுத்துகளில் ளகரத்தைத் தட்டிவிடுவதும், எண் ௧-க்குப் பதில் க வருவதும் இதே வகைதான்.

பலகையில் அகரவரிசைப்படி அடுக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். யுனிகோட் குறி வரிசையில் ன நகரத்தை அடுத்தே வந்துவிடும். ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன்னால் போய்விடும். நமக்கு ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வர வேண்டும். ‘றப்பர்’, ‘லயம்’, ‘வாரியம்’ என்று மூன்று தலைப்பு வைத்தால் போதும். றப்பர் முதலில் வந்தால் குறி வரிசை, கடைசியில் வந்தால் தமிழ் வரிசை.

மென்பொருளுக்கு வெளியே

சேமித்த நூலை ஈபப்செக்கில் ஓட்டுங்கள். இலவசம், ஜாவா வேண்டும். காலிபரில் எஃப்7 தட்டினாலும் நூலைச் சரிபார்க்கும். ஆனால் ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. ஈபப்செக் இணைப்பு உடைந்திருப்பதைச் சொல்லும். ஏழாவது வாழ்த்துரைக்குப் போக வேண்டிய இணைப்பு முதலாவதுக்குப் போவதைச் சொல்லாது. ஐடி உண்மையாகவே இருக்கிறதே!

பிறகு வாசிப்புச் செயலிகளில் திறங்கள். கணினியில் தோரியம் ரீடர், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் பிளே புக்ஸ், ஐபோன் இருந்தால் ஆப்பிள் புக்ஸ். முடிந்தால் ஈபப் 2 மட்டும் படிக்கும் பழைய கருவி ஒன்று. அதில் தெரிவது என்சிஎக்ஸ். திருத்திய நூலை மறுபடி ஏற்றும்போது பழைய பிரதியை முதலில் அழித்துவிடுங்கள். நூலின் அடையாள எண் ஒன்றாகவே இருப்பதால் பல செயலிகள் முன்பு சேமித்த பொருளடக்கத்தையே காட்டும். அரை நாளை வீணாக்கும் பொறி இது.

அச்சுப் பக்க எண்களையும் மறக்க வேண்டாம். தோட்டங்கள் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பிரிந்துபோன பிறகு, எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்பதற்கு இந்த மலர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. ‘தாத்தா படம் 84ஆம் பக்கத்தில் இருக்கிறது’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஈபப் 3-இல் நேவ் கோப்புக்குள் பக்கப் பட்டியல் என்று தனிப் பகுதி வைக்கலாம். புதிய வசதி பொருளடக்கத்தைத் திருப்பி எழுதும்போது அந்தப் பகுதியைத் துடைத்துவிடக் கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் நேவ் கோப்பைத் திறந்து பக்கப் பட்டியலின் முதல் வரியும் கடைசி வரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கண் தெரியாத வாசகருக்காக என்விடிஏ திரைவாசிப்பானையும் ஒருமுறை ஓட்டுங்கள். அதனுடன் வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும். பலகையில் அம்புக்குறியால் இறங்கும்போது ஒவ்வொரு தலைப்பும் ஒலிக்க வேண்டும், எத்தனையாவது அடுக்கு என்பதும் சேர்ந்து.

பிழையை எழுதி அனுப்புதல்

பிழை கண்டதும் முழு மலரையும் அனுப்பாதீர்கள். அதில் குடும்பப் பெயர்களும் படங்களும் தொலைபேசி எண்களும் இருக்கும். பாதியாக்கிப் பாதியாக்கிச் சுருக்குங்கள். 64 கோப்பில் பாதியை நீக்குங்கள். பிழை இன்னும் வருகிறதா? வந்தால் மிஞ்சியதில் மறுபடி பாதி. வராவிட்டால் நீக்கிய பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே சுற்றில் ஒரு கோப்புக்கு வந்துவிடலாம். பிறகு அந்தக் கோப்பில் உள்ள பெயர்களை மாற்றிவிட்டு, பிழை தொடர்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

மென்பொருளை எழுதியவர்களுக்கு அனுப்பும் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு அறிக்கையில் ஒரே பிழை. பதிப்பு எண், இயங்குதளம், செய்த செயல்கள் வரிசையாக, நடக்க வேண்டியது, நடந்தது, சிறிய கோப்பு, கணினித் திரையைப் பிடித்த படம் ஒன்று. ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று எழுதினால் அங்கே உள்ளவருக்கு ஒன்றும் புரியாது. சரியான உருவம் ஒரு படம், தவறான உருவம் ஒரு படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் இடத்தில் வட்டம் போடுங்கள். எழுத்துகளின் யுனிகோட் எண்களையும் கீழே கொடுங்கள். எப்போதும் வருகிறதா, சில சமயம்தானா என்பதைப் பத்து முறை செய்து பார்த்து ‘பத்தில் நான்கு முறை’ என்று எண்ணாகச் சொல்லுங்கள்.

திருத்தம் வந்துவிட்டது என்று பதில் வந்தால், அதே சிறிய கோப்பை அதே வரிசையில் புதிய பதிப்பில் ஓட்டுங்கள். பிறகு இருபது தலைப்பு நூலையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை. வாழ்த்துரைப் பிழையைத் திருத்தும்போது ‘திரும்பு’ பொத்தான் கெட்டுப்போயிருக்கலாம். சோதனை நூலையும் குறிப்புத் தாள்களையும் ஒரே கோப்புறையில் வைத்து, அடுத்து வருகிறவர் எடுக்கும்படி பள்ளிக் கணினியிலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.